எந்தக் கேமரா என்று கேட்டேன், சான்றிதழ் கேட்கவில்லை

காட்பாடியில் சோலார் பேனல் போடும் தொழில் செய்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் கம்பெனிகளின் கூரைகள்தான் பெரும்பாலும் எனக்கு வேலை நடக்கும் இடம். பழைய சிமெண்ட் ஷீட் கூரையில் ஆளை ஏற்றினால் எப்போது கால் உள்ளே போகுமோ என்று வயிற்றைக் கலக்கும். அதனால் ட்ரோன் வந்தபோது பெரிய நிம்மதி. சில வருடங்களுக்கு முன் ஒரு கூரையைப் படம் எடுக்க, கல்யாணங்களுக்கு ஹெலிகேம் ஓட்டும் ஒரு பையனைக் கூப்பிட்டேன். அவனிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி: எந்தக் கேமரா, எவ்வளவு ரேட்.

படம் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பேட்டரி இறங்கியதும் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகவே திரும்பத் தொடங்கியது. அப்படித் திரும்பும்போது எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்பதை ஓட்டுபவர் முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும். பையன் முந்தின நாள் கல்யாண மண்டபத்துக்கு வைத்த உயரத்தை மாற்றவே இல்லை. வழியில் பக்கத்து கம்பெனியின் புகைபோக்கி நின்றது. மோதிய வேகத்தில் ட்ரோன் கீழே நின்ற கார் கண்ணாடியில் விழுந்தது.

கார்க்காரர் சத்தம் போடவில்லை. நிதானமாக மூன்று விஷயம் கேட்டார். பைலட் சான்றிதழ் எங்கே, ட்ரோனின் பதிவு எண் என்ன, இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி? பையன் என்னைப் பார்த்தான், நான் பையனைப் பார்த்தேன். கண்ணாடிக்கான பணம் என் கையிலிருந்து போனது. தொகையை இங்கே எழுதினால் வீட்டில் பழைய சண்டை மறுபடி தொடங்கும், வேண்டாம்.

அப்புறம்தான் விதிகளை எடுத்துப் படித்தேன். நம் ஊர்த் தொழில்காரர்கள் செய்யும் முதல் தவறு, ட்ரோனை ஒரு கேமராவாக நினைப்பது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகள் அதை ஆளில்லா விமானமாகவே பார்க்கின்றன. வண்டிக்கு லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கணக்குதான். ஓட்டுபவருக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனம் தரும் பைலட் சான்றிதழ், ட்ரோனுக்குத் தனி அடையாள எண், மூன்றாம் நபருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்ட இன்சூரன்ஸ். எல்லாரும் லைசென்ஸ் என்று சொன்னாலும், 2022 திருத்தத்துக்குப் பிறகு விதியில் அதன் பெயர் சான்றிதழ்தான். மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

இதில் ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. முறையாகப் பயிற்சி எடுத்த பைலட்டே பதிவில்லாத ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வருவதும் நடக்கிறது. வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் தடை வந்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு என்று சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்குப் பிறகும் புத்தம்புது வெளிநாட்டு மாடல் ஒருவரிடம் இருந்தால், அது எப்படி வந்தது, எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்பது நம் வேலை. வெட்கப்பட வேண்டியதில்லை. சான்றிதழிலும் எந்த எடை வகைக்கு என்று பார்க்க வேண்டும். வயலுக்கு மருந்து அடிக்கும் பெரிய ட்ரோனையும் கையடக்க ட்ரோனையும் ஒரே சான்றிதழில் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது 249 கிராம் கதை. 250 கிராம் வரை உள்ள நேனோ ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை, வணிக வேலையாக இருந்தாலும். இது உண்மை. ஆனால் இதைச் சொல்லியே வியாபாரம் பண்ணுகிறவர்கள் அதில் இறக்கைக் காப்பு மாட்டுவார்கள், பெரிய பேட்டரி போடுவார்கள். தராசில் வைத்தால் எடை 250-ஐத் தாண்டியிருக்கும். தாண்டினால் அது மைக்ரோ வகை, 2 கிலோ வரை. மைக்ரோவில் சும்மா பொழுதுபோக்குக்குப் பறக்கவிடத்தான் சான்றிதழ் வேண்டாம். "மச்சான் பையன்தான், காசு வாங்கமாட்டான்" என்று கடை விளம்பரத்துக்கு எடுக்கச் சொன்னால், அது பொழுதுபோக்கு என்று யாரிடம் போய்ச் சொல்வது? நேனோவே ஆனாலும் பதிவு எண் வேண்டும், தடை உள்ள இடத்தில் அதையும் பறக்கவிட முடியாது.

இடம் என்றதும், "என் கம்பெனி, என் காம்பவுண்டு, யாரைக் கேட்கணும்?" என்பார்கள் முதலாளிகள். நிலம் உங்களுடையது, வானம் இல்லை. நாட்டின் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதி வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த வரம்பு 200 அடி. 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள், விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி.

நம் பக்கம் இதை அலட்சியம் செய்ய முடியாது. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம் இருக்கிறது. வேலூரை ஒட்டி அப்துல்லாபுரத்தில் விமான நிலையம். "அங்கே எங்கேப்பா விமானம்?" என்று சிரிப்பதில் பயனில்லை, வரைபடம் அன்றைக்கு என்ன நிறம் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. வேலூர்க் கோட்டை வேறு விதம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம், தொழில்முறைப் படப்பிடிப்புக்கு அனுமதி வாங்க வேண்டும். ஓட்டல் விளம்பரத்துக்கு அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோபுரத்தையும் மேலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்கு ஆசைப்பட்டு யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று அப்படியே இருக்கும் என்பதும் இல்லை. அவசரத் தேவை இருந்தால் காவல்துறை ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு ஆக்கலாம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்தத் தலைகளுக்கு மேல் நகைக்கடை விளம்பரத்துக்காக ட்ரோன் விடச் சொல்கிற ஸ்பான்சர்கள் உண்டு. நல்ல பைலட் கிளம்புவதற்கு முன் அன்றைய வரைபடத்தைத் திறந்து பார்ப்பார், காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்பார்.

சட்டம் இருக்கட்டும். வேலையின் தரத்தில் வரும் தவறுதான் எனக்கு அதிகம் வலித்தது. கல்யாண வீடியோ எடுப்பது ஒரு திறமை, கூரையை அளப்பது வேறு திறமை. அளக்க வேண்டுமானால் ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு முக்கால் பங்கு ஒன்றன் மேல் ஒன்று விழுகிற மாதிரி வரிசையாகப் பறந்து எடுக்க வேண்டும். தரையில் அளந்து வைத்த குறிகளும் வேண்டும். இது இல்லாமல் எடுத்த அழகான வீடியோவை வைத்து எத்தனை பேனல் உட்காரும் என்று நான் போட்ட கணக்கு, சாமான் வந்து இறங்கிய அன்று தப்பாகிப் போனது. பேனலில் சூடேறும் கோளாறைக் கண்டுபிடிக்கும் வெப்பக் கேமரா வேலைக்கு வெயில் நன்றாக ஏறியிருக்க வேண்டும். மேகம் போட்ட காலையில் வந்து எடுத்துக் கொடுத்தால் அது வெறும் கலர் படம்.

கூப்பிடும் நாமும் தவறு செய்கிறோம். "இன்னும் ஒரே ஒரு ஷாட், தம்பி" என்று கெஞ்சியே பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை இழுக்க வைப்பது நாம்தான். வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டாம். சூடான காற்று லேசாக இருப்பதால் அதே ட்ரோன் அதே எடையைத் தூக்க அதிகம் உழைக்கும், பேட்டரியும் சூடாகும். உப்பிய பேட்டரியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, "ஓடும் சார்" என்று சொன்ன ஆளை நானே பார்த்திருக்கிறேன். இரும்புக் கூரைக்குப் பக்கத்தில் திசைகாட்டி குழம்பும். இதையெல்லாம் தெரிந்து ஒருவர் "முடியாது" என்று சொல்வதற்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம் என்பது எனக்குப் புரிய நாளானது.

கல்யாணப் பையன்களை மட்டம் தட்டவில்லை. 18 வயது நிரம்பிப் பத்தாம் வகுப்பு தேறியவர்கள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து தேர்வு முடித்தால் சான்றிதழ் கிடைக்கும், 10 வருடம் செல்லும். கண்ணாடி உடைத்த அந்தப் பையனும் பிறகு போய்ப் படித்து வாங்கிவிட்டான். இப்போது எனக்கு அவனேதான் வருகிறான், ரேட்டும் பழையபடி இல்லை.

போன ஆடியில் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு அவனைக் கூட்டிப் போனேன். மேனேஜர் காபி கொடுத்து, உடனே ஆரம்பிக்கச் சொன்னார். இவன் மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கி வந்தான். "ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்ணா, இது ஒரு கிலோகூட இல்லை. நாளைக்குக் காலையில் வரேன்" என்றான். மேனேஜர் முகம் சுருங்கியது. மறுநாள் காற்று எழும்புவதற்கு முன்பே வந்து முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தான். முதல் நாள் வந்து போனதற்கும் சேர்த்துத்தான் பில் போட்டிருந்தான்; பேரம் பேசாமல் கொடுத்தேன்.

புது ஆள் யாரையாவது கூப்பிட்டால், முந்தின நாளே அந்த மூன்று காகிதத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். "நேரில் வந்து காட்டுறேன் சார்" என்றால் அடுத்த நம்பருக்குப் போன் போட்டுவிடுகிறேன்.