செஞ்சிக் கோட்டை: ராஜகிரி ஏறுவோருக்கு

செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கித் திருவண்ணாமலை சாலையில் ஆட்டோ பிடியுங்கள். காலையிலேயே ஏறத் தொடங்கிவிடுவது நல்லது. கோட்டையின் ராஜகிரிக் குன்று ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். மாலையில் மேலே விடமாட்டார்கள்.

பலரும் முதலில் கல்யாண மகால், களஞ்சியம் என்று கீழேயே சுற்றிக் களைத்துவிடுகிறார்கள். அவற்றை இறங்கியபின் பாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், மேலே கடை கிடையாது. தின்பண்டத்தைப் பைக்குள் வைத்து மூடுங்கள்; கையில் பாலிதீன் பை தெரிந்தால் குரங்கு பறித்துவிடும்.

படிகள் ஒரே அளவில் இல்லை, பிடிப்புள்ள காலணி அவசியம். உச்சிக்குச் சற்று முன் ஆழமான பாறைப் பிளவும் அதன்மேல் சிறு பாலமும் வரும். அங்கே நின்று பாருங்கள்: பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வழியே இல்லை. முகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்ததில் வியப்பென்ன!

கால் வலிக்காவிட்டால் சாலைக்கு வடக்கே கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரியும் உண்டு.