சின்ன வீட்ல பழைய பூனைகிட்ட புதுக்குட்டிய எப்படி பழக்குறது

எங்க வீடு ஒரு ஹால், ஒரு கிச்சன், ஒரு பெட்ரூம், ஒரே பாத்ரூம், அவ்ளோதான். அதுல நாலு வருஷமா எங்க பூனை மீனு ராஜ்ஜியம். போன ஐப்பசி மழைல கீழ ஸ்கூட்டிக்கு அடில நனைஞ்சு கத்திட்டு இருந்த ரெண்டு மாசக் குட்டிய தூக்கிட்டு வந்துட்டோம், யாரக் கேட்டாலும் புதுசுக்கு தனி ரூம் குடுங்கன்னு சொல்றாங்க, தனி ரூமுக்கு எங்க போறது? இடத்த பங்கு போட முடியலன்னா நேரத்த பங்கு போடணும். எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு, சில பூனைங்களுக்கு ரெண்டு மூணு மாசம் கூட ஆகும், அவசரப்படாதீங்க.

குட்டி வந்ததும் மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. தெருவுல இருந்து வர்ற குட்டிக்கு பேன்லுகோபீனியா (பூனைங்க உயிருக்கே ஆபத்தான வைரஸ் நோய்) இருக்கலாம், வெளில தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுக்குள்ள பழைய பூனைக்கும் ஒட்டிக்கும். அதனால ரெண்டு வாரம் ரெண்டும் மூஞ்சியோட மூஞ்சி பாக்கவே கூடாது, தட்டும் மண் ட்ரேயும் (பூனை ஒன்னுக்கு, ரெண்டுக்கு போறது) தனித்தனி, குட்டிய தொட்டா கைய சோப்பு போட்டு கழுவிட்டு சட்டை மாத்திட்டு தான் பெரியவகிட்ட போகணும். குட்டிக்கு தடுப்பூசி 6–8 வாரத்துல ஆரம்பிச்சு 16 வாரம் வரைக்கும் 3–4 வாரத்துக்கு ஒரு தடவ போடுவாங்க, பெரிய பூனையோட ஊசி பாக்கி இருந்தா அதையும் இப்பவே போட்டுருங்க. இன்னொன்னு, பூனை இருக்குற வீட்ல தரைய பினாயில் போட்டு துடைக்காதீங்க, கால நக்கும்போது உள்ள போயிடும், பூனை உடம்புக்கு அது விஷம். லிக்விட் ப்ளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் விட்டு நல்லா தண்ணி ஊத்தி துடைச்சு, காஞ்சப்புறம் பூனைய விடுங்க.

குட்டிய பெட்ரூம்ல வெச்சோம். பாத்ரூம் வேணாம், ஈரம், குளிரு, தண்ணி நிக்குற பக்கெட்ல விழுந்தா அவ்ளோதான். ஒரே ரூம் வீடுன்னா நாய்க்கு விக்கிற பெரிய இரும்புக் கூண்டு ஒன்னு வாங்கி மூணு பக்கமும் பெட்ஷீட் போட்டு மூடிடலாம். மீனு ராத்திரி எங்க கூட தான் படுக்கும், அத மாத்தினா குட்டியால தான் எல்லாம் போச்சுன்னு அதுக்கு தோணிடும்னு நான் ரெண்டு வாரமும் ஹால்ல பாய் போட்டு மீனு பக்கத்துல படுத்தேன். இத சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க, சாப்பாட்டு நேரம், விளையாட்டு, படுக்கை எதுவுமே பழைய பூனைக்கு மாறக் கூடாது.

பூனைக்கு கண்ண விட மூக்கு தான் முக்கியம், அதனால பாக்குறதுக்கு முன்னாடி வாசனை பழகணும். டாக்டர் குட்டி நல்லா இருக்குன்னு சொன்னப்புறம் பழைய காட்டன் வேஷ்டிய கிழிச்சு குட்டியோட கன்னத்துல தேய்ச்சு (அங்க தான் அதோட சொந்த வாசனை இருக்கு) மீனு சாப்பிடுற இடத்துக்கு கொஞ்சம் தள்ளி போட்டேன், மொதல் நாள் சீறுச்சு, நாலாவது நாள் அது மேலயே உக்காந்துச்சு. துணிய பெரிய பூனை மேல தேய்க்காதீங்க, அதுவா வந்து மோந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் தினமும் ஒரு மணி நேரம் இடத்த மாத்தி விடுங்க, குட்டி ஹால்ல சுத்தும்போது பெரியவ பெட்ரூம்ல. அடுத்தது கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு, மொதல்ல அஞ்சடி தள்ளி, தினம் கொஞ்சம் கிட்ட. ரெண்டும் நிம்மதியா சாப்பிடுதுன்னா கதவ ரெண்டு விரல் அளவு திறந்து ரெண்டு பக்கமும் ரொம்புன தண்ணி கேன் வெச்சு நகராம பண்ணுங்க, அந்த இடுக்குல பாத்துக்கட்டும்.

நேர்ல விடுறது, குட்டிக்கு வயிறு ரொம்பி ஆடி ஓஞ்சப்புறம் தான். மொதல் நாள் அஞ்சு நிமிஷம் போதும். குட்டிய கைல தூக்கிட்டு போயி பெரியவ மூஞ்சில காட்டாதீங்க, தரைல விடுங்க. பெரியவ சீறினா திட்டவே திட்டாதீங்க, கிட்ட வராதன்னு அது பேசுற பேச்சு அது, குட்டியும் அதுல தான் கத்துக்கும். பயப்பட வேண்டியது சத்தமில்லாம இருக்கும்போது: கண்ணு இமைக்காம வெறிச்சு பாக்குறது, காத படிய வெச்சு தரையோட தரையா ஊர்ந்து வர்றது. அப்போ நடுவுல அட்டைய விட்டு மறைங்க, கைய விடாதீங்க, கடிச்சுட்டா சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க.

சின்ன வீட்ல தரை கம்மி, ஆனா சுவரு இருக்கு. பீரோ மேல, ஃப்ரிட்ஜ் மேல, லாஃப்ட்ல ஒரு பழைய துணிய போட்டு பெரியவளுக்கு ஒதுக்குங்க, குட்டியால ஏற முடியாது, ஏறி இறங்க ரெண்டு வழி இருந்தா நல்லது. மண் ட்ரே ரெண்டு பூனைக்கு மூணு வெக்கணும்னு சொல்வாங்க, எங்களுக்கு ரெண்டு தான் முடிஞ்சுது, ஒன்னு பால்கனில (நெட் அடிச்சிருக்கோம்), ஒன்னு ஹால் மூலைல. பக்கத்துல பக்கத்துல வெச்சா அது பூனைக்கு ஒரே ட்ரே மாதிரி தான்.

பெரிய பூனை ஒரு நாள் முழுக்க சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. கடுவன் பூனை ட்ரேல உக்காந்து முக்குது ஆனா ஒன்னுக்கு வரலன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே தூக்கிட்டு ஓடுங்க.

ரெண்டும் பக்கத்துல பக்கத்துல சாப்பிட ஆரம்பிச்சாலும், நீங்க வெளில போற நேரத்துல இன்னும் ஒரு மாசத்துக்கு கதவ சாத்தி தனித்தனியா விட்டுட்டு போங்க, நாங்க இன்னும் அப்படித்தான் பண்றோம்.