வார நாள் போன் வேறு, ஞாயிற்றுக்கிழமை போன் வேறு: உங்கள் யூட்யூப் பழக்கத்தை நீங்களே பிரித்துப் பார்ப்பது எப்படி

போனில் வாரம் ஒருமுறை வந்து நிற்கும் "தினசரி சராசரி" என்ற எண் எனக்கு எதற்கும் உதவியதில்லை. வார நாளில் இரண்டரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம் பார்க்கிற ஒருவருக்குச் சராசரி மூன்றரை மணி என்று காட்டும். யோசித்துப் பாருங்கள், அந்த ஆள் மூன்றரை மணி நேரம் பார்த்த நாள் அந்த வாரத்தில் ஒன்றுகூட இல்லை. இல்லாத ஒரு நாளுக்கு டைமர் வைத்தால் அது எப்படி வேலை செய்யும்?

அதனால் வார நாளையும் விடுமுறை நாளையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், போனில் கை வைப்பது அதற்கு அப்புறம்தான். இதற்கென்று தனி ஆப் எதுவும் போடத் தேவையில்லை. மற்ற ஆப்களின் திரையைப் படிக்க அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கிற "ஸ்க்ரீன் டைம் டிராக்கர்" வகையறாக்களை நான் தொடுவதே இல்லை, நீங்களும் தொடாமல் இருந்தால் நல்லது. எக்செல் உள்ள ஒரு லேப்டாப், உங்கள் கூகுள் கணக்கு, அரை நாள் பொறுமை, இவ்வளவு போதும்.

படி 1: போன் சொல்வதைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் டிஜிட்டல் வெல்பீயிங், அதில் டாஷ்போர்டு. ஐபோனில் ஸ்க்ரீன் டைம். இரண்டும் 2018இல் வந்தவை, இரண்டிலும் நாள்வாரியாகப் பட்டை வரைபடம் இருக்கும். மணி நேரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதே இடத்தில் போனை எத்தனை முறை திறந்தீர்கள் அல்லது கையில் எடுத்தீர்கள் என்ற எண்ணும் இருக்கிறது. அதையும் ஒரு தாளில் நாள்வாரியாக எழுதுங்கள். பலருக்கு மணி நேரம் ஞாயிறன்று அதிகமாகவும், திறந்த எண்ணிக்கை புதன், வியாழனில் அதிகமாகவும் இருக்கும். உங்களுக்கும் அப்படி வந்தால் கீழே உள்ளதெல்லாம் உங்களுக்காகத்தான்.

ஐபோன்காரர்கள் "ஷேர் அக்ராஸ் டிவைசஸ்" ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஐபேடில் பையன் பார்த்ததும் உங்கள் தலையில் விழுந்துகொண்டிருக்கலாம்.

இந்த டாஷ்போர்டில் இரண்டு குறை. சில வாரங்களுக்கு முந்தைய கணக்கு கிடைக்காது. அது தவிர, நள்ளிரவு 12 அடித்ததும் நாளை மாற்றிவிடும். வெள்ளி இரவு 11 மணிக்கு ஆரம்பித்து 2 மணி வரை பார்த்தது வெள்ளிக்குக் கொஞ்சம், சனிக்குக் கொஞ்சம் என்று உடைந்துபோகும். நாம் தேடுவதே அந்த இரவைத்தான். அதனால்தான் அடுத்த படி.

படி 2: டேக்அவுட்டில் இருந்து வரலாற்றை இறக்குங்கள்

கூகுள் டேக்அவுட் (கூகுளிடம் உள்ள உங்கள் தரவை நீங்களே இறக்கிக்கொள்ளும் இடம்) பக்கம் போய் முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் உங்கள் போட்டோ எல்லாம் சேர்ந்து ஜிபி கணக்கில் வந்து நிற்கும். யூட்யூப் மட்டும் டிக். அதற்குள் ஹிஸ்டரி மட்டும். ஃபார்மேட் என்ற இடத்தில் ஹிஸ்டரிக்கு ஹெச்டிஎம்எல் என்று இருப்பதை ஜேசன் (JSON, எக்செல் படிக்கக்கூடிய தரவு வடிவம்) என்று மாற்றுங்கள். அப்புறம் எக்ஸ்போர்ட். மின்னஞ்சலில் லிங்க் வரும். அது ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், வந்தவுடன் இறக்கிவிடுங்கள்.

ஜிப்பைப் பிரித்தால் ஹிஸ்டரி ஃபோல்டருக்குள் வாட்ச் ஹிஸ்டரி என்ற ஜேசன் கோப்பு இருக்கும். கூகுள் கணக்கின் மொழியைத் தமிழில் வைத்திருந்தால் கோப்பின் பெயரும் தமிழில் வரும், காணோம் என்று தேட வேண்டாம்.

படி 3: எக்செல்லுக்குள் கொண்டுவாருங்கள்

டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஜேசன். பவர் க்வெரி என்ற, தரவைச் சீர்செய்யும் ஜன்னல் திறக்கும். டேபிளாக மாற்றி, தலைப்பில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் என்னென்ன காலம் (column, அதாவது நெடுவரிசை) வேண்டும் என்று கேட்கும். டைட்டில், டைம், சப்டைட்டில்ஸ், டீடெயில்ஸ் போதும். சப்டைட்டில்ஸ் என்பதில் இருப்பது சேனல் பெயர், வசனம் அல்ல. டீடெயில்ஸ் காலத்தில் எதுவோ இருக்கிற வரிகள் பெரும்பாலும் விளம்பரம், அவற்றை வடிகட்டித் தூக்குங்கள்.

டைம் காலத்தை மட்டும் டெக்ஸ்ட் ஆகவே விடுங்கள். அதைத் தேதியாக மாற்ற எக்செல் ஆசைப்படும், விடாதீர்கள்.

கூகுள் ஷீட்ஸ் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஷீட்ஸ் ஜேசனை நேரடியாகத் திறக்காது, அதை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக மாற்ற ஏதாவது இணையதளத்தில் ஏற்ற வேண்டிவரும். நீங்கள் ராத்திரி 2 மணிக்கு என்ன பார்த்தீர்கள் என்பதை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

படி 4: ஐந்தரை மணி நேரம் (இங்கே நிதானம்)

முழு வேலையும் கெட்டுப்போகிற இடம் இதுதான், அதனால் நீட்டியே சொல்கிறேன்.

டைம் காலத்தில் ஒரு வரியைப் பாருங்கள். 2025-03-07 என்று தேதி, நடுவில் டி என்ற ஆங்கில எழுத்து, பிறகு 20:30:15, கொஞ்சம் தசமம், கடைசியில் இசட். அந்த இசட்டுக்குப் பொருள், இது உலகப் பொது நேரம், நம்மூர் நேரம் இல்லை என்பது. நம்மூர் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அந்த வரி மார்ச் 7, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை போலத் தெரியும். ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள், மார்ச் 8, சனிக்கிழமை அதிகாலை 2 மணி!

கூட்டாமல் விட்டால் நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை பார்த்த அத்தனையும் முந்தைய நாளில் போய் உட்கார்ந்துவிடும். ஞாயிறு இரவு தூக்கம் வராமல் திங்கள் அதிகாலை ஒரு மணிக்குப் பார்த்தது ஞாயிறு கணக்கில் ஏறும். சரி, அதுதானே நமக்கும் வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் காலை 5 மணிக்கு எழுந்து சுப்ரபாதமோ நடைப்பயிற்சிக்குப் பாட்டோ போடுகிறவர்களுக்கு அதுவும் முந்தைய நாளில் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு மணி எல்லாமே ஐந்தரை தள்ளி இருக்கும், இரவு 10 மணி மாலை நாலரையாகத் தெரியும். ஆபீஸ் நேரத்தில் இவ்வளவு பார்த்தேனா என்று பயந்துபோவீர்கள்.

எனவே இரண்டு திருத்தம். முதலில் ஐந்தரை மணி கூட்டி உண்மையான நேரம். பிறகு அதிலிருந்து 4 மணி கழித்து "எந்த நாள்" என்று கண்டுபிடிப்பது, அதாவது நம் நாள் 12 மணிக்கு மாறாமல் விடியற்காலை 4 மணிக்கு மாறும். 4 மணிக்கு விழித்திருக்கிறவர்கள் குறைவு, எழுந்துவிட்டவர்களும் குறைவு, அதனால் அந்த எல்லை.

டைம் இருப்பது ஏ காலம் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷன் பெயர்களை எக்செல்லில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பி2: டேட்வேல்யூ(லெஃப்ட்(ஏ2, 10)) + டைம்வேல்யூ(மிட்(ஏ2, 12, 8)) + 5.5/24

சி2: வீக்டே(பி2 - 4/24, 2)

டி2: ஹவர்(பி2)

பி காலத்தில் 45724 என்பதுபோல ஒரு எண் வந்தால் தப்பில்லை, எக்செல் நாளை அப்படித்தான் வைத்துக்கொள்ளும், செல் ஃபார்மேட்டைத் தேதி நேரம் என்று மாற்றுங்கள். சி காலத்தில் அந்த 2 முக்கியம். அதைப் போட்டால் திங்கள் 1, ஞாயிறு 7. போடாவிட்டால் ஞாயிறு 1, சனி 7 என்று இரண்டும் இரண்டு மூலையில் போய் நிற்கும்.

படி 5: செஷன் எண்ணுங்கள்

வரிகளை எண்ணுவதோடு நிறுத்திவிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு முழுப்படம் பார்த்தாலும் ஒரு வரி, ஒரு ஷார்ட்ஸ் தள்ளினாலும் ஒரு வரி. அரை மணி நேர ஷார்ட்ஸ், பல வரி. நேரம் எவ்வளவு என்று இந்தக் கோப்பு சொல்லாது. ஆனால் எப்போது உட்கார்ந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதை ஊகிக்கலாம். அப்படி ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்த்தது ஒரு செஷன்.

பி காலத்தை வைத்துப் பழையது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள் (கோப்பில் புதியது மேலே இருக்கும்). பிறகு இ காலத்தில் ஒரு இஃப்: இந்த வரிக்கும் முந்தைய வரிக்கும் இடைவெளி 30/1440க்கு மேல் என்றால் 1, இல்லையென்றால் 0. ஒரு நாளில் 1440 நிமிடம், அதில் 30 நிமிடம், அவ்வளவுதான். 1 வந்த இடமெல்லாம் புது செஷன். இரண்டரை மணி நேரப் படம் பார்த்தால் அடுத்த வரி புது செஷனாக விழும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிவட் டேபிள், அதாவது வரிகளை வகை பிரித்துக் கூட்டித் தரும் எக்செல் அட்டவணை. வரியில் சி, மதிப்பில் இ காலத்தின் கூட்டலும் மொத்த வரி எண்ணிக்கையும். எத்தனை வாரத் தரவோ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு திங்களுக்கு இவ்வளவு, ஒரு சனிக்கு இவ்வளவு என்று வரும். இன்னொரு பிவட்டில் வரியில் டி, தலைப்பில் சி, மதிப்பில் வரி எண்ணிக்கை போட்டு, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் கலர் ஸ்கேல் கொடுங்கள், எண்ணுக்கு ஏற்ப கட்டங்களின் நிறம் மாறும்.

எனக்கு வந்த படத்தில் வார நாள் முழுக்கப் பொடிப் பொடி செஷன்கள். காலை பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், ராத்திரி படுக்கையில். சனியும் ஞாயிறும் செஷன் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் நீளம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து பொழுது சாயும் வரை. வெள்ளி இரவு 9 மணிக்கு மேல் நிறம் சனிக்கிழமை போலவே இருக்கிறது, ஞாயிறு இரவு 9க்கு மேல் திங்களோடு சேர்ந்துகொள்கிறது. என்னைக் கேட்டால் வார இறுதி என்பது வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு இரவுச் சாப்பாட்டோடு முடிகிறது. காலண்டர் என்ன சொன்னாலும் சரி.

கணக்குப் போடும் முன் பொங்கல், தீபாவளி மாதிரி வார நாளில் விழுந்த விடுமுறைகளைத் தூக்கிவிடுங்கள். கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் ஐபிஎல் மாதங்களையும் தனியாக வையுங்கள். தினமும் இரவு ஏழரை ஆட்டம், வார இறுதியில் பெரும்பாலும் மதியம் மூன்றரைக்கு இன்னொன்று, இதற்கு நடுவில் ஹைலைட்ஸ் வேறு. அந்த மாதங்களில் உங்கள் பழக்கம் தெரியாது, அட்டவணைதான் தெரியும்.

படி 6: இப்போது போனில் கை வையுங்கள்

பொடி செஷனுக்கு டைமர் மருந்தில்லை. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், டைமர் முழித்துக்கொள்ளும்போது ராத்திரி ஆகியிருக்கும். அங்கே வேலை செய்வது நோட்டிஃபிகேஷனை அணைப்பதும், குறிப்பிட்ட நேரத்தில் ஆப் திறக்கவே முடியாமல் செய்வதும். நீள செஷனுக்கு அதற்கு நேர் எதிர். டைமரும் வேண்டும், ஆட்டோபிளே அணைந்திருக்கவும் வேண்டும்.

ஐபோனில் இது சுலபம். ஆப் லிமிட்ஸில் நேரம் வைக்கும்போதே "கஸ்டமைஸ் டேஸ்" என்று இருக்கிறது, ஒவ்வொரு நாளுக்கும் தனி அளவு கொடுக்கலாம். ஆப்களைப் பூட்டிவைக்கும் நேரமான டவுன்டைமிலும் அப்படியே. பாஸ்கோடை மட்டும் வீட்டில் வேறு யாராவது வைக்கட்டும்.

ஆண்ட்ராய்டின் ஆப் டைமரில் வார நாளுக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்று வைக்க வழி இல்லை, எல்லா நாளுக்கும் ஒரே அளவு. ஒரு மணி நேரம் வைத்தால் ஞாயிறு மதியத்துக்குள் தீர்ந்துவிடும், கடுப்பில் டைமரையே எடுத்துவிடுவீர்கள், திங்கள் காலை டைமரே இருக்காது. இதற்கு நான் செய்வது: ஆப் டைமரில் வார இறுதிக்கான தாராள அளவை வைத்துவிட்டு, வார நாளுக்கு ஃபோகஸ் மோடைப் பயன்படுத்துவது. அதில் ஷெட்யூல் வைக்கலாம், நாளையும் தேர்ந்தெடுக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை டிக், சனி ஞாயிறு காலி. யூட்யூப், இன்ஸ்டாகிராம் இரண்டையும் அதில் சேர்த்தால் அந்த நேரத்தில் ஐகான் மங்கிப்போகும். அவசரம் என்றால் 5 நிமிட இடைவேளை எடுக்கலாம், அது இருப்பதால்தான் ஆத்திரத்தில் யாரும் அணைப்பதில்லை.

திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. கேட்பவருக்கு நிறம் எதற்கு? பாதி நேரம் நாம் யூட்யூப்பைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

பின்சேர்க்கை: நீங்கள் எழுதிக் கேட்டவை

குவைத்தில் இருந்து ஒரு வாசகர், எங்களுக்கு லீவு வெள்ளியும் சனியும் என்றார். நியாயம். சி காலத்தில் 5, 6 என்பவை உங்கள் வார இறுதி, மேலே 5.5 என்று உள்ள இடத்தில் 3 போடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவர்கள் 4 போட வேண்டும். அங்கே 2022 ஜனவரியில் இருந்து சனி ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் என்று அரசு அலுவலகங்களுக்கு மாற்றிவிட்டார்கள், அதற்கு முந்தைய தரவு இருந்தால் அதோடு கலக்காதீர்கள். ஊருக்கு லீவில் வந்த மாதத்தையும் வெட்டிவிடுங்கள், நேரம் கலந்துபோகும்.

சலூன் வைத்திருக்கும் ஒருவருக்குச் செவ்வாய்தான் ஓய்வு, ஞாயிறுதான் ஓட்டம். ஜவுளிக்கடையில் வேலை செய்பவர்களுக்கும் ஞாயிறு அப்படித்தான். வங்கிக்காரர்களுக்கு இரண்டாவது, நான்காவது சனி மட்டும் லீவு. உங்கள் ஓய்வு நாள் எதுவோ அதை ஒரு தனிக் காலத்தில் கையால் குறித்துவிட்டு, வீக்டேக்குப் பதில் அதை வைத்துப் பிவட் போடுங்கள். மாற்று ஷிப்டில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான், ட்யூட்டி சார்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஞாயிறு காலை ஆறு முதல் பத்து வரை கொட்டிக் கிடக்கிறது, நான் அப்போது தூங்குகிறேனே என்று கேட்டவர்கள்: டிவியைப் பாருங்கள். ஸ்மார்ட் டிவியில் உங்கள் கணக்கு லாகின் ஆகியிருக்கும், பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்திருப்பார்கள். எந்தக் கருவியில் பார்த்தது என்று இந்தக் கோப்பில் இருக்காது. சேனல் பெயரை வைத்து வடிகட்டுவதுதான் ஒரே வழி. டிவியில் குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு வைத்தால் அடுத்த முறை இந்தத் தொல்லை இல்லை.

வரலாறு பாதியில் நின்றுவிடுகிறது என்றால் ஆட்டோ டெலிட் ஆன் ஆகியிருக்கிறது, 3, 18 அல்லது 36 மாதத்துக்கு மேற்பட்டதைக் கூகுளே அழித்துவிடும்.

இன்ஸ்டாகிராம் தரவை இதேபோல இறக்கியவர்கள், தமிழ் எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரிகிறது என்கிறார்கள். ஜேசனில் அப்படித்தான் வருகிறது, நாள்வாரிக் கணக்குக்கு எழுத்து தேவையில்லை, விட்டுவிடுங்கள். அங்கே நேரம் 10 இலக்க எண்ணாக இருக்கும், 1970 ஜனவரி 1இல் இருந்து ஓடிய விநாடிகள் அவை. 86400ஆல் வகுத்து, 25569 கூட்டி, 5.5/24 கூட்டினால் பி காலம் தயார். மற்றதெல்லாம் படி 4இல் உள்ளபடியே.