திறப்பு ஆரிட்ட? வன்னிக்குப் போறவைக்கு ஒரு வயிற்றுக் குறிப்பு

பெட்டிக்குள் என்ன வைப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. சொக்லேட்டும் கோடாலித் தைலமும் எப்படியும் வைப்பீர்கள். நான் எழுத வந்தது வயிற்றோட்டத்தைப் பற்றி. போன மார்கழியில் கனடாவிலிருந்து போய், இலங்கையின் வடக்கே வன்னியில் மூன்று கிழமை நின்றேன். அதில் ஒரு கிழமையை மலசலகூடக் கதவுக்கு உள்ளேயும், ஒரு நாளை அது திறக்காத கதவுக்கு வெளியேயும் கழித்தேன்.

“ஊருக்குத்தானே போறன்” என்ற நினைப்பே முதல் பிழை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தாய்லாந்துக்குப் போக ஊசி போடுகிறார். நாங்கள் புதுக்குடியிருப்புக்குப் போக ஏன் ஊசி என்று கேட்கிறோம். சின்ன வயதில் அந்தக் கிருமிகளோடு பழகிய உடம்பு இப்போது எங்களிடம் இல்லை. 1999இல் நான் கொண்டுபோன வயிறு கனடாக் குழாய்த் தண்ணீரில் பழக்கம் விட்டுப்போயிற்று. புறப்பட நாலைந்து கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் நெருப்புக்காய்ச்சல் (டைபொய்ட்) ஊசியும், செங்கண்மாரிக்கான ஹெப்பரைற்றிஸ் ஏ ஊசியும் கேளுங்கள். நெருப்புக்காய்ச்சல் ஊசியின் வலு இரண்டு மூன்று வருடத்தில் குறையும். போட்டவருக்கும் வரவே வராது என்றில்லை.

அடுத்தது கிணறு. சித்தி வீட்டுக்குப் போன அன்று என் கையில் போத்தில் தண்ணீர் இருந்தது. சித்தி அதைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

“போத்தில் தண்ணியோ குடிக்கிறாய்? இது உன்ர கொப்பர் வெட்டின கிணறு.”

இரண்டு செம்பு குடித்தேன். தாகத்துக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று. கிணற்றுக்கும் குழிக் கக்கூசுக்கும் இடையில் இருபது அடிகூட இல்லை. மார்கழி மழையில் கிணறு வாய்வரை நிரம்பி நின்றது. கோடையில் பிழைக்கிற கிணறு மாரியில் பிழைக்காது. நிலத்தடி நீர் மேலே ஏற, குழியில் கிடப்பது அதோடு கலக்கும். தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும். ஆனால் “சுடவைச்ச தண்ணி” என்று தருவது கொதித்ததுதானா என்று பாருங்கள். கொதித்ததை மண்பானையில் ஊற்றி, எல்லோரும் ஒரே பேணியை விட்டு மொண்டால் பழையபடிதான். குளோரின் நல்லது, ஆனால் ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள் அதைத் தாக்குப்பிடிக்கும். கொதிக்கும் தண்ணீரில் அவையும் தப்பாது.

சாப்பாட்டில் அவ்வளவு பயம் வேண்டாம். முறிகண்டியில் சுடச்சுட மணலில் வறுத்துத் தரும் கச்சான் ஒன்றும் செய்யாது. கண்முன்னால் தகட்டில் கொத்திய ரொட்டியும் அப்படியே. அதன்மேல் ஊற்ற, காலையிலிருந்து மூடிவைத்திருக்கும் குழம்புதான் வில்லன். ஐஸ் போட்ட சர்பத்தும் வேண்டாம். சோற்றையும் மணிக்கணக்கில் வெளியில் வைக்கக்கூடாது. அதில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

அந்த இரண்டு செம்பு குடித்த மூன்றாம் நாள், விடிய இரண்டு மணிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. விடிந்ததும் குடும்ப நீதிமன்றம் கூடியது. மாமி வீட்டு இறால் என்றார் சித்தி. கடைக்கொத்து என்றார் மாமி. கிணற்றின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் மணிக்கூட்டைப் பார்த்தால் ஓரளவுக்குக் கணக்குப் போடலாம். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி குமுறிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் சாப்பாட்டில் ஏற்கெனவே ஊறிய நஞ்சு. அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் சத்தியும் வயிற்றோட்டமுமாக வீடே விழுந்தால் நோரோ வைரஸை நினைக்கலாம். அதற்குக் கைக்குப் பூசும் அல்ககோல் ஜெல் போதாது, சவர்க்காரம் வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் தண்ணீராகப் போவது அனேகமாக ஈ கோலை, பயணம் போகிறவர்களை அதிகம் பிடிப்பது அதுதான். காய்ச்சலோடு சீதமும் இரத்தமும் வந்தால் ஷிகெல்லா, கம்பைலோபக்டர் வகையறா. நாற்றத்தோடும் காற்றோடும் கொழுப்பு மிதக்க, ஒன்றிரண்டு கிழமை கழித்துத் தொடங்குவது ஜியார்டியா. அமீபா இன்னும் ஆறுதலாக வரும்.

இனி அந்தத் திறக்காத கதவு இருந்த அலுவலகம், காணி அலுவல் பார்க்கும் பிரதேச செயலகம்.

ஐயாவின் பெயரில் இருந்த, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியைச் சித்தியின் மகளுக்கு மாற்ற, எனக்கு உரிமை வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். சித்தி ஆறு மாதமாகக் கேட்டது அது ஒன்றைத்தான். அன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் எனக்கு லேசான காய்ச்சல். போகாவிட்டால் “வெளிநாட்டான் நழுவுறான்” என்பார்களே என்று, வயிற்றை அடக்கும் லோபெரமைட் குளிசை இரண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

எட்டரைக்குப் போனோம். பத்து மணிக்கு, கிராம சேவையாளரின் கடிதத்தில் தேதி இல்லை என்றார்கள். பதினொன்றுக்கு, கோப்பு வேறு கிளையில் என்றார்கள். பதினொன்றரைக்கு என் வயிறு குளிசையைத் தோற்கடித்தது. மலசலகூடத்தில் ஆமைப்பூட்டு தொங்கியது. திறப்பு ஆரிட்ட? காவலாளி பியோனைக் காட்டினார், பியோன் ஒரு கிளாக்கரைக் காட்டினார், கிளாக்கர் கூட்டத்தில். “பொதுசனத்துக்கு அங்கால பின்பக்கம் ஒண்டு இருக்கு.” அங்கே தண்ணீர் இல்லை, கதவும் பாதிதான் இருந்தது. சித்தி அந்தப் பாதிக் கதவுக்கு முன்னால் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வயது ஐம்பத்தொன்று.

திரும்பி வரச் சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்குக் கோப்பு கிடைத்தது, கையெழுத்து வாங்க வேண்டியவர் களப்பயணம். அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார்கள். எனக்கு ஞாயிறு விமானம். காணி வேலையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அதை முதல் கிழமையிலேயே வையுங்கள், திரும்புகிற கிழமையில் வைக்காதீர்கள். திறப்பு ஆரிடம் என்று முதலே விசாரியுங்கள். வயிறு கலங்கிய நாளில் போகாதீர்கள், யார் என்ன சொன்னாலும்.

அந்தக் குளிசைதான் என் பெரிய பிழை. காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் லோபெரமைட் போடக்கூடாது. உடம்பு வெளியே தள்ளப் பார்க்கிற கிருமியை உள்ளே பூட்டிவைத்தது மாதிரி. குடல் வீங்கி ஆபத்தாகலாம். அன்று இரவு எனக்கு இரத்தமும் போனது. பாமசியில் மெட்ரோனிடசோல் தந்தார்கள். எந்த வயிற்றோட்டத்துக்கும் அதையே கேட்டு வாங்கும் பழக்கம் எங்களுடையது. அது அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் சரி, ஷிகெல்லாவுக்கு எதுவும் செய்யாது. சிப்ரோஃப்ளொக்சசினுக்கு மசியாத கிருமிகளும் தெற்காசியாவில் பெருகிவிட்டன. ஆகவே வைத்தியர் சொல்லாமல் அன்ரிபயோட்டிக் வேண்டாம். மலத்தைச் சோதித்து அமீபா இல்லை என்று பார்த்த பிறகு, எனக்கு மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் தந்தார்கள். சாதாரண நீர்க்கழிச்சலுக்கு அதுவும் தேவையில்லை, தானாகவே நிற்கும்.

எந்தக் கிருமியென்றாலும் முதல் மருந்து ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பும் சீனியும் கலந்த தூள். அதைக் கரைத்துத் தந்தது சித்தி. நான் பாதிப் பக்கற்றை ஒரு கிளாசில் கொட்டப் போனேன், கையில் தட்டிவிட்டார்.

“முழுப் பக்கற்றுக்கு ஒரு லீற்றர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாளைக்கு மிஞ்சினதை ஊத்திப்போடு.”

தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, போத்திலில் அளந்து, கரண்டி கரண்டியாகத் தந்தார். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பவும். எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். “செட்டிகுளம் முகாமில,” என்றார். போர் முடிந்தபோது சனத்தை அடைத்துவைத்த இடம். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2009 வைகாசியில் போரை நிறுத்தச் சொல்லி நான் ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையில் கொடியோடு நின்றேன். இரவு வீட்டுக்குப் போய்ச் சோறும் சாப்பிட்டேன்.

ஜீவனி இல்லையென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் மட்டமாக. சோடா கொடுக்காதீர்கள், அந்தச் சீனி வயிற்றோட்டத்தைக் கூட்டும். உப்புக்கஞ்சி நல்லது. பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் சிங்க், பத்துப் பதினாலு நாளைக்குக் கொடுக்கச் சொல்வார்கள். அழும்போது கண்ணீர் வரவில்லை, கண் உள்ளே போய்விட்டது, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, மணிக்கணக்கில் சிறுநீர் இல்லை என்றால் வீட்டு வைத்தியத்தை விட்டு ஆஸ்பத்திரி. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெரியவர்களுக்கும் எழும்பத் தலை சுற்றினால் அதுதான் வழி.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் எங்கே போனீர்கள் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். நெருப்புக்காய்ச்சலுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிழமை பிடிக்கும், அமீபா ஈரலுக்கு ஏறுவது மாதக் கணக்கு கழித்தும் தெரியவரும்.

போன கிழமை சித்தி வாட்ஸப்பில் எடுத்தார். பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டாராம். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறேன், நல்ல மின்கேத்தில் ஒன்று கொண்டுவருகிறேன் என்றேன்.

“கேத்தில் இஞ்ச இருக்கு தம்பி. நீ பேனையைக் கொண்டுவா.”