லாரிக்கு ஃபாக் லைட் மாற்றும்போது எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது

மார்கழி பிறந்துவிட்டால் வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்காட்டை ஒட்டிய ரோட்டில் விடியற்காலையில் பனி இறங்கிப் படுத்துக்கொள்ளும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற வண்டிக்கும், போடிமெட்டு, குமுளி வழியாகக் கேரளா லோடு போகிற வண்டிக்கும் மாதக் கணக்கு கிடையாது. மழைக்காலத்தில் பட்டப்பகலிலேயே மேகம் இறங்கி வளைவை மறைத்துவிடும். இந்த ரூட்டில் ஓடுகிற லாரிக்கு ஃபாக் லைட் மாற்றப் போனால், கடையில் முதல் பேச்சே "எத்தனை வாட்ஸ் வேணும்ணே?" என்றுதான் தொடங்கும். வாட்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சம் எந்த வடிவத்தில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

காரணம் இது. பனிக்குள் பிரைட் அடித்தால் எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி எழும்பும். ஒளி நீர்த்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருவதால் வருகிற வினை அது. நல்ல ஃபாக் லைட்டின் வெளிச்சம் இரண்டு பக்கமும் அகலமாக விரியும். மேல்பக்கம் மட்டமாக வெட்டியதுபோல நின்றுவிடும். வெட்டுக்கு மேலே ஒளி போகாததால் பனி மினுங்காது. கீழே ரோட்டின் வெள்ளைக் கோடும் ஓரத்துத் தடுப்புக் கல்லும் தெரியும். இந்த வெட்டு இல்லாத லைட் எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் பனியில் கெடுதல்தான் செய்யும். கேபின் கூரையில் மாட்டுகிற லைட் பனிக்கு உதவாமல் போவதும் இதனால்தான். டிரைவர் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒளிதான் அதிகமாகத் திரும்பி வந்து கண்ணில் அடிக்கும்.

மஞ்சள் நிறம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிறது, ஆனால் அது சரியில்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் மஞ்சளானாலும் வெள்ளையானாலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறும். மஞ்சளில் வேறொரு நன்மை உண்டு: கண்ணைக் கூசவைக்கிற நீல ஒளி அதில் குறைவு, இரவு முழுக்க ஓட்டுகிறவருக்குக் கூச்சம் குறையும். எல்இடி வாங்கினால் பெட்டியில் 3000 கெல்வின் (மஞ்சள்) அல்லது 4300 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த வெள்ளை) என்று இருப்பதை எடுங்கள். 6500 கெல்வின் நீலம் பூத்த வெள்ளை; கடையில் பார்க்க அழகாக இருக்கும், மலை ரோட்டில் வேண்டாம்.

புதிதாக வாங்குவதற்கு முன், பழையது ஏன் கெட்டது என்று பாருங்கள். கண்ணாடி நன்றாக இருந்து பல்பு மட்டும் அடிக்கடி போகிறதென்றால் லைட்டை மாற்றிப் பயனில்லை. இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 24 வோல்ட் வண்டியில் 27.5 முதல் 28.8 வோல்ட் வரை வரலாம். 29-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் எந்த பல்பைப் போட்டாலும் நிற்காது. வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் பல்பு போனால் பிராக்கெட் ஆட்டம், அல்லது மாட்டும்போது வெறும் விரலால் பல்பின் கண்ணாடியைத் தொட்டது. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறி ஹாலஜன் பல்பு சீக்கிரம் போய்விடும். காகிதத்தில் பிடித்து மாட்டுங்கள்; தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தாலோ முழு லைட்டையும் மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம்தான் உடைந்தது என்றாலும் ஜோடியாக வாங்குங்கள். பழையது மங்கலாகவும் புதியது தெளிவாகவும் இருந்தால் ரோட்டின் ஒரு ஓரம் இருட்டாகவே இருக்கும்.

இனி வோல்ட்டேஜ். பெரிய லாரி, டிப்பர், டாரஸ் எல்லாம் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராகக் கட்டியிருக்கும். டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்றவை 12 வோல்ட். 24 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் லைட் கையில் கிடைத்தது என்பதற்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுத்துக் கொடுக்கிற வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அதைச் செய்யவே விடாதீர்கள். ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்கும், ஆல்டர்னேட்டரோ இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்யும். விளைவு, ஒன்று எப்போதும் குறைசார்ஜில் கிடக்கும், மற்றொன்று அதிக சார்ஜில் கொதித்துத் தண்ணீர் வற்றும். லைட்டில் மிச்சம் பிடித்த காசு பேட்டரியில் போய்விடும். இரண்டு 12 வோல்ட் லைட்டைத் தொடராகக் கட்டினாலும், ஒன்று போனால் இரண்டும் அணையும். பனியின் நடுவில் அது நடக்கக்கூடாது. எல்இடி என்றால் 10 முதல் 30 வோல்ட் வரை, அல்லது 9 முதல் 32 வரை என்று எழுதியிருப்பது இரண்டு வகை வண்டிக்கும் பொருந்தும்.

பல்பு வகை பழைய பல்பின் அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும். எச்3, எச்11 ஆகியவை அதிகம் வருகின்றன. எச்3 என்றால் 12 வோல்ட்டில் 55 வாட்ஸ், 24 வோல்ட்டில் 70 வாட்ஸ். 100, 130 வாட்ஸ் பல்பும் விற்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு ஹோல்டர் இளகும், ரிஃப்ளெக்டர் கருகும், பழைய வயர் தாங்காது. ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகுவதும் வேண்டாம். ஹாலஜனில் ஒளி வருவது ஒரு சின்ன இழையிலிருந்து. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க அந்த இடத்துக்குக் கணக்குப் போட்டது. எல்இடி பல்பில் ஒளி கிளம்பும் இடமும் திசையும் மாறுவதால் மேல்வெட்டு கலைந்து, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். எல்இடிதான் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த முழு லைட்டாக வாங்குங்கள்.

கடையில் லைட்டைக் கையில் வாங்கியதும் கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 'பி' அல்லது 'எஃப்3' என்ற குறியும் இருந்தால், அது ஐக்கிய நாடுகளின் 19-ஆம் ஒழுங்குவிதிப்படி முன்பக்க ஃபாக் லைட்டாகச் சோதிக்கப்பட்டது. குறி போலியாகவும் இருக்கலாம் என்பதால் எரியவிட்டும் பாருங்கள். கடைக்குள் நிழலான சுவரிலிருந்து மூன்று நாலு மீட்டர் தள்ளிப் பிடித்தால் போதும். கிடைமட்டமாக அகலப் பட்டை, மேலே கத்தியால் கீறியதுபோல் கோடு தெரிய வேண்டும். வட்டமாக நடுவில் குவிந்தால் அது ஸ்பாட் லைட். மத்திய மோட்டார் வாகன விதி 111, முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் தடுக்கிறது. எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) போகும்போது கழற்றி, வந்ததும் மாட்டி என்று அலைய வேண்டியிருக்கும்.

எல்இடியில் பெட்டி சொல்கிற வாட்ஸை நம்பாமல் மீட்டரைத் தொடராக வைத்து ஆம்பியர் பாருங்கள். 24 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் இழுத்தால் அது 24 வாட்ஸ் லைட். பெட்டியில் 200 என்று இருந்தாலும் அவ்வளவுதான். பின்பக்கம் கனமான அலுமினியத் துடுப்புகள் இருக்க வேண்டும். தண்ணீர் காப்புக்கு ஐபி67 குறைந்தபட்சம். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் அடித்துக் கழுவுகிற வண்டிக்கு ஐபி69கே இருந்தால் நிம்மதி.

கல் தெறிக்கிற டிப்பருக்குப் பாலிகார்பனேட் முகப்பு தாங்கும், ஆனால் நம் வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும். கண்ணாடி மஞ்சளிக்காது, கல் பட்டால் விரிசல் விடும். மலைக்கு மட்டுமே ஓடுகிற வண்டிக்கு மஞ்சள் ஹாலஜன் இன்னும் நல்ல தேர்வு என்பது எங்கள் எண்ணம். அதன் சூட்டில் முகப்பில் படிகிற ஈரம் தானாகக் காய்ந்துவிடும். எல்இடியின் முகம் குளிர்ந்தே இருக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நாலுவழிச் சாலையில் நீளமாக ஓடுகிற வண்டிக்கு எல்இடி நல்லது. அதிர்வைத் தாங்கும், பல்பு மாற்றுகிற வேலை இல்லை.

அளவெடுக்க மறக்காதீர்கள்: முகப்பு விட்டம், இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஆழம். பின்பக்கம் கப்ளர் (வயர் செருகும் இணைப்பு) மாட்ட இன்னும் 4, 5 சென்டிமீட்டர் வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கி, பம்பரை அறுக்க நேர்வதுதான் அடிக்கடி நடக்கிறது.

மாட்டும் இடம் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, ஹெட்லைட் டிம்முக்கு மேலேயும் போகக்கூடாது. வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ரோட்டோரம் நன்றாகத் தெரியும். பம்பருக்கு முன்னால் மாட்டுகிற கம்பி கார்டில் (கிராஷ் கார்டு) கட்ட வேண்டாம். அது ஆடும், ஒளியும் கூடவே ஆடும். கிராஷ் கார்டுகளை அகற்றச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

வயரிங்கில் கைவைக்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். வண்டியிலேயே ஃபாக் லைட் கப்ளர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பிஎஸ்6 வண்டியில் வயரை வெட்டி ஒட்டுப்போட்டால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும், வாரண்டியும் சிக்கலாகும். புதிதாக இழுப்பதென்றால் ரிலே (சுவிட்சின் சின்ன மின்னோட்டத்தால் லைட்டின் பெரிய மின்னோட்டத்தை இயக்குவது) கட்டாயம். ரிலேயின் 30-ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக பிளஸ், 87-லிருந்து லைட்டுக்கு, 86-க்கு சுவிட்ச், 85-க்கு எர்த். சுவிட்ச் லைனைப் பார்க் லைட்டிலிருந்து எடுத்தால் மறந்துபோய் எரியவிட்டு பேட்டரி இறங்காது. 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் ரிலேதான் போட வேண்டும். 12 வோல்ட் ரிலேயின் காயில் கருகிவிடும்.

24 வோல்ட்டில் 70 வாட்ஸ் ஜோடி 5.8 ஆம்பியர் இழுக்கும், 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 12 வோல்ட்டில் 55 வாட்ஸ் ஜோடி 9.2 ஆம்பியர், 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால், 12 வோல்ட் வண்டியில் 1 சதுர மில்லிமீட்டர் வயர் 1.6 வோல்ட்டைத் தின்றுவிடும், 2.5-இல் 0.65 வோல்ட் அளவில்தான் இழப்பு. ஹாலஜனில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். லைட் மங்கல் என்று வருகிற புகாரில் பல, லைட்டின் குற்றமே இல்லை.

எர்த்தைப் பம்பரில் முடிக்காதீர்கள். இப்போதைய பம்பர் பலவும் பைபர். இரும்பாக இருந்தாலும் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். தனி வயர் இழுத்து, சேஸிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி, லக் வைத்து முறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். இண்டிகேட்டர் போடும்போது ஃபாக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். வயர் கேபினுக்குள் போகிற இடத்தில், கேபினைச் சாய்க்கும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள்.

லைட்டின் அடியில் மூச்சுத்துளை இருக்கும். தண்ணீர் போகக்கூடாது என்று அதையும் சிலிகான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். சூடான காற்று வெளியேற வழியில்லாமல், குளிரும்போது சீல் இடுக்கு வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடைக்காதீர்கள், துளை கீழ்ப்பக்கம் வருமாறு மாட்டுங்கள். எரியவிட்டதும் கலைகிற லேசான ஆவி பரவாயில்லை. தண்ணீர் தேங்கினால் திருப்பிக் கொடுங்கள்.

இனி பலரும் செய்யாமல் விடுகிற வேலை, ஒளியின் உயரம் வைப்பது. சமதளத்தில் குடோன் சுவருக்கு நேராக, லைட்டிலிருந்து சுவர் சரியாக 10 மீட்டர் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் சுவரில் சுண்ணாம்புக் கோடு, அதற்கு 20 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. ஒரு லைட்டின் கப்ளரைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் எரியவிட்டு, மேல்வெட்டு கீழ்க்கோட்டில் விழும்படி போல்ட்டை முறுக்குங்கள். பிறகு அடுத்தது. லைட் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், இந்த வைப்பில் வெளிச்சம் 35 மீட்டர் வரை தரையில் படும். பனிக்குள் அந்த 35 மீட்டருக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

இதை லோடு ஏற்றிய பிறகு செய்யுங்கள். லோடு ஏறினால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை அழுந்தி மூக்கு தூக்கும். 4 மீட்டர் வீல்பேஸில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 8 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினால் அது இரண்டு சதவீதச் சாய்வு. காலி வண்டியில் நீங்கள் வைத்த 20 சென்டிமீட்டர் இறக்கம் முழுவதும் அதிலேயே போய், ஒளி நேராகப் பனிக்குள் பாயும்.

பின்பக்கத்துக்குச் சிவப்பு ஃபாக் லைட் ஒன்று போடலாம். ஒன்றுதான் என்றால் வலப்பக்கம், பிரேக் லைட்டிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி. பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது பிரேக் லைட்டாகத் தெரியும்.

முதல் மலை ட்ரிப் போய் வந்ததும் பிராக்கெட் போல்ட்டை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் வாஷர் போட்டிருந்தாலும் முதல் அதிர்வில் கொஞ்சம் இளகும். லைட் எரியும்போதே பல்பு முனையில் வோல்ட்டேஜ் எடுத்து, பேட்டரியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். 24 வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பை லைட்டின் எர்த் முனையிலும் வையுங்கள். அங்கேயே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றிச் சுரண்டி மறுபடி முடியுங்கள். காட்டாவிட்டால் பழுது ஃபியூஸ் ஹோல்டரிலோ ரிலே முனையிலோ இருக்கிறது.