பார்வர்டு செய்தியைச் சரிபார்ப்பது எப்படி, அதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வது எப்படி

2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குச் செல்வதற்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வந்த ஒரு குடும்பத்தினர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய ஊர்க்கூட்டம் அவர்களை அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த வதந்தியைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் மீதான அக்கறையில்தான் பகிர்ந்திருப்பார்கள். அக்கறையுள்ளவர்களின் கைவழியாகவே பொய் வேகமாகப் பரவுகிறது என்பதால், சரிபார்க்கும் பழக்கம் குடும்பக் குழுவிலிருந்தே தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் செய்தியின் மேற்பகுதியைப் பாருங்கள். ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது வேறெங்கிருந்தோ அனுப்பப்பட்டது. இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கொண்டுவந்தது. இரட்டை அம்புக்குறி இருப்பதால் மட்டும் செய்தி பொய்யாகிவிடாது; ஆனால், அது முதலில் எங்கிருந்து வந்தது என்று அனுப்பியவருக்கும் தெரியாது என்பது ஏறத்தாழ உறுதி. ஆகவே "மாமா அனுப்பினார், சரியாகத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

அடுத்து, "இப்படியும் நடக்குமா" என்று மனத்துக்குள் எடைபோட்டு முடிவு செய்யாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகச் சென்னை முழுவதும் செய்தி பரவியது. பண்ணை நிர்வாகம் அதை மறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், தாம்பரத்தை அடுத்த நெடுங்குன்றம் பகுதியில் முதலை ஒன்று சாலையைக் கடக்கும் வீடியோ வந்தபோது பலர் பழைய கதை என்று ஒதுக்கினார்கள், அதுவோ உண்மை. அந்தப் பகுதி நீர்நிலைகளில் முதலைகள் வாழ்கின்றன என்பதை வனத்துறைச் செயலரே அப்போது விளக்கினார். நம்பத் தோன்றுவதும் தோன்றாததும் சான்றாகாது. மூலத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

படமானால் தேடுவது எளிது. படத்தைச் சேமித்து, படத்தைக் கொண்டே தேட உதவும் கூகுள் லென்ஸில் திறந்து, அதே படம் வெளிவந்த மற்ற பக்கங்களைப் பாருங்கள். முதலில் கண்ணில் படும் பக்கத்தோடு நின்றுவிடாமல் தேதிகளை ஒப்பிட்டு, கிடைப்பவற்றுள் பழையதைத் திறப்பது முக்கியம். இதேபோல் படத்தைத் தேடும் டின்ஐ (TinEye) என்ற தளத்தில் பழையவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தவும் முடியும். நேற்று மதுரையில் நடந்ததாகச் சொல்லப்படும் விபத்தின் படம் சில ஆண்டுகளுக்கு முன்பே வேறு மாநிலச் செய்தியில் இருந்தால், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

வீடியோவுக்குக் கொஞ்சம் பொறுமை தேவை. தெளிவான இரண்டு மூன்று காட்சிகளை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒவ்வொன்றையும் லென்ஸில் தேடுங்கள். பின்னணியில் தெரியும் கடைப் பலகையின் மொழி, வண்டிகளின் எண் பலகை, பேருந்தின் நிறம், காவலரின் சீருடை ஆகியவற்றைக் கவனித்தால், சொல்லப்படும் ஊர் அதுதானா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடியோ திடீரென்று முடிகிறதா என்று பாருங்கள். 2018இல் இந்தியா முழுவதும் பீதியைக் கிளப்பிய பிள்ளை கடத்தும் வீடியோ, உண்மையில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்டது. கடத்தியவர்கள் குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு அறிவிப்புப் பலகையைக் காட்டும் இறுதிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

எழுத்துச் செய்தியில் தேதி, ஊர், வெளியிட்டவர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற அறிவிப்பு, நாள் குறிப்பிடாத பழைய ஸ்கிரீன்ஷாட்டாக ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்ப வருகிறது. மாவட்ட ஆட்சியரின் அதிகாரபூர்வ எக்ஸ் பக்கத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மத்திய அரசுத் திட்டங்கள் பற்றியதானால் அந்த அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பக்கத்திலும், பொதுவான வதந்தியானால் யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்களிலும் தேடலாம். அரசுப் பிரிவு சொல்வது அரசின் தரப்பு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் குறிப்பு என்றால், மருத்துவரிடம் கேட்கும்வரை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

எது பொய் என்று தெரிந்த பிறகுதான் கடினமான வேலை தொடங்குகிறது. பெரியப்பா அனுப்பியதைக் குழுவில் எல்லோர் முன்பும் "இது பொய்" என்று வெட்டிப் பேசினால், அவர் திருந்துவதைவிட மனம் புண்பட்டு விலகுவதே நடக்கும். முதலில் அவருக்குத் தனியாக எழுதுங்கள்: "பெரியப்பா, நீங்க போட்ட வீடியோவோட முழுசும் கிடைச்சுது. கடைசில பாருங்க, விழிப்புணர்வுக்காக எடுத்திருக்காங்க. குரூப்ல நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும்." திருத்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்தால் மரியாதையும் கெடாது. யாருக்காவது உடனடித் தீங்கு நேரலாம் என்ற நிலையில் மட்டும் காத்திருக்காமல் குழுவிலேயே எழுதிவிடுங்கள். பெயர் சுட்டாமல், சான்றின் இணைப்போடு எழுதினால் போதும்.

பொய்ச் செய்தியை நீங்களே அனுப்பிவிட்டிருந்தால், ஏறக்குறைய இரண்டரை நாளுக்குள் எல்லோருக்குமாக அதை நீக்க வாட்ஸ்அப்பில் வழி உண்டு. ஆனால் அதற்குள் படித்தவர்களும் வேறிடத்துக்கு அனுப்பியவர்களும் இருப்பார்கள். எனவே அனுப்பிய ஒவ்வொரு குழுவிலும், எது தவறு, சரியான தகவல் எது என்று இரண்டு வரியில் எழுதி, மேற்கொண்டு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.