நோன்பு என்றால் எந்த நோன்பு? மதங்களை ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரமலான் மாதத்தில் அலுவலகத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டுவிடுவார்: "தண்ணீர்கூடவா குடிக்கக் கூடாது?" கேட்பவர் பெரும்பாலும் சஷ்டிக்கோ ஏகாதசிக்கோ விரதம் இருப்பவர். பாலும் பழமும் அவருடைய விரதத்தில் அடங்கும். ஆகவே தண்ணீர் இல்லாத நோன்பு அவருக்கு வீண் பிடிவாதமாகப் படுகிறது. எதிரில் இருப்பவருக்கோ, பால் குடித்துவிட்டு விரதம் என்று சொல்வது விளங்காது. மனத்துக்குள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள்.

இதில் வெறுப்பு ஏதுமில்லை. தன் வீட்டுப் படியை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு அரிசியை அளக்கும் அவசரம்தான். சமய நல்லிணக்க மேடைகளிலும் இதே அவசரத்தை, கொஞ்சம் அலங்காரத்தோடு, பார்க்கலாம்.

தமிழ் பேசும் நமக்கு இந்தச் சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. எல்லா மதத்தாரும் ஒரே பானையிலிருந்து சொற்களை மொண்டிருக்கிறோம். சைவருக்கு வேதம் என்றால் நால்வேதம். தென்மாவட்டங்களில் வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர், வேதக்கோயில் என்றால் தேவாலயம். முஸ்லிம்கள் குர்ஆனைத் திருவேதம் என்கிறார்கள். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய பள்ளி, பிறகு பள்ளிக்கூடமும் ஆயிற்று, பள்ளிவாசலும் ஆயிற்று. சைவம் என்ற சொல்லோ மதத்திலிருந்து இலைக்கே இறங்கிவிட்டது. "இன்று நான் சைவம்" என்று ஒரு கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை சொன்னால் யாரும் திடுக்கிடுவதில்லை.

சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நம்புவதுதான் முதல் தவறு. "நீங்கள் மறுபடியும் பிறக்க வேண்டும்" என்று போதகர் அழைக்கிறார். அவருக்கு அது வரம். சைவ சித்தாந்தம் படித்தவர் காதிலும் பௌத்தர் காதிலும் அது ஏறக்குறைய சாபம்; அவர்கள் வேண்டுவதே இனிப் பிறவாமை. போதகர் சொல்வது இந்த உடம்பு இருக்கும்போதே மனம் புதிதாவதை. இதில் குழம்புவதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. வயதானவன் தாயின் வயிற்றுக்குள் இரண்டாம் முறை நுழைய முடியுமா என்று நிக்கொதேமு இயேசுவிடமே கேட்டதாக யோவான் நற்செய்தி சொல்கிறது.

நோன்புக்கே திரும்பி வருவோம். ரமலான் நோன்பு வைகறையிலிருந்து சூரியன் மறையும்வரை. நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் விலக்கு உண்டு, பிறகு ஈடுசெய்துகொள்ளலாம். கத்தோலிக்கர்களின் தவக்காலத்தில் ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு: முன்னது ஒரே ஒரு முழு உணவு, பின்னது இறைச்சி விலக்கல். சமணர் உபவாசத்தில் குடிப்பவர்கள் காய்ச்சி ஆறிய நீரையே குடிப்பார்கள், அதையும் பகலில் மட்டும். பௌத்தத்தின் தேரவாதப் பிரிவுப் பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை. அது அவர்களுக்கு நோன்பும் அல்ல, அன்றாட ஒழுங்கு. எது கடினம் என்று கேட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். எதற்காக என்று கேட்டால் ஒருவர் இறையச்சம் என்பார், ஒருவர் சிலுவைப்பாடு என்பார், ஒருவர் வினையை உதிர்ப்பது என்பார்.

அடுத்தது நூல்கள். கீதை, பைபிள், குர்ஆன் என்று வரிசையாக அடுக்கும் பழக்கம் நீதிமன்றக் காட்சிகளில் பார்த்துப் பார்த்து வந்தது போலும். வில்ஃப்ரட் கான்ட்வெல் ஸ்மித் என்ற கனடா நாட்டு அறிஞர் இந்த வரிசையைக் கலைத்தார். முஸ்லிம்களுக்கு இறைவனின் வார்த்தை இறங்கியது குர்ஆனாக. கிறிஸ்தவர்களுக்கோ அந்த வார்த்தை மனிதராகவே வந்தது. ஆகவே குர்ஆனுக்கு இணையாக வைக்க வேண்டியது பைபிளை அல்ல, கிறிஸ்துவை. இது பிடிபட்டால், நபிகளையும் இயேசுவையும் தராசில் நிறுத்தும் வழக்கமான வாதம் ஏன் எங்கும் போய்ச் சேருவதில்லை என்று தெரிந்துவிடும். சீக்கியர்களின் குரு கிரந்த சாகிப் இன்னும் வேறு வகை: அது 1708 முதல் குருவாகவே மதிக்கப்படுகிறது. குருத்வாராவில் காலையில் மரியாதையோடு எடுத்து வந்து விரிக்கிறார்கள், இரவில் உறங்க வைக்கிறார்கள். அதற்குள் சீக்கியரல்லாத கபீரின் பாடலும், சூஃபி என்னும் இஸ்லாமிய ஞானியான ஷேக் ஃபரீதின் பாடலும் இருக்கின்றன.

நல்ல மனம் படைத்தவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. என்னை அதிகம் எரிச்சலூட்டுவதும் அதுதான்: "எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது." உலகைப் படைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சமணம் ஏற்பதில்லை. பௌத்தத்தின் பாதையும் படைத்தவரைச் சார்ந்ததல்ல. தந்தை, மகன், தூய ஆவி என்னும் கிறிஸ்தவரின் திரித்துவத்தை, இறைவன் ஒருவனே என்னும் இஸ்லாத்தின் தவ்ஹீத் ஏற்காது. ஒருவர் உயிராக மதிப்பதை நாம் சில்லறை வேறுபாடு என்று தள்ளினால் அவர் சிரித்துக்கொண்டே விலகிப்போவார். 1893 சிகாகோ சர்வசமய மாநாட்டுக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் வரவில்லை. அதில் உட்கார்ந்தால் மற்ற மதங்களோடு சமம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆனால் சுற்றி வளைக்காமல் சொன்னார், அதற்குப் பதில் சொல்ல முடிகிறது. "எல்லாம் ஒன்றே" என்பவருக்கு என்ன பதில் சொல்வது?

நம் மதத்தின் ஞானியை அவர்கள் மதத்தின் குற்றவாளியோடு ஒப்பிடுவது பழைய நோய். சுவீடன் நாட்டு ஆயர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985-ல் மூன்று விதிகள் சொன்னார்: ஒரு மதத்தைப் பற்றி அதன் எதிரிகளிடம் கேட்காதே, அதைப் பின்பற்றுவோரிடம் கேள்; உன்னுடைய சிறந்ததை அவர்களுடைய மோசமானதோடு வைக்காதே; அவர்களிடம் பார்த்துப் பொறாமைப்பட ஏதாவது ஒன்றுக்கு மனத்தில் இடம் விடு. மூன்றாவது விதிதான் கடினம்.

முதல் விதியை நம் கடற்கரையில் ஒருவர் முன்பே செய்து பார்த்தார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மதம் மாற்றத்தான் வந்தார், அதை மறைக்கவும் இல்லை. இருந்தும் தமிழர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு நூலே எழுதினார். அனுப்பிய இடத்தில் அதை அச்சிடவில்லை. 1867-ல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது.

கேட்பதிலும் ஒரு தவறு உண்டு. எங்கோ குண்டு வெடித்தால் பக்கத்து மேசைக்காரரிடம் விளக்கம் கேட்பதும், சாதிக்கொடுமைச் செய்தி வந்தால் கண்ணில் பட்ட இந்துவைப் பிடித்து நிறுத்துவதும் உரையாடல் ஆகாது. ஒரு மனிதர் தன் மதத்துக்கு வக்கீல் அல்ல. தவிர, மதம் எதுவும் ஒரே குரலில் பேசுவதும் இல்லை. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையா என்று வைணவத்துக்குள்ளேயே வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கின்றன. மனித முயற்சியா இறையருளா என்ற இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவச் சபைகளும் தங்களுக்குள் கேட்டுச் சண்டையிட்டவைதான். இப்படிக் குறுக்கே வெட்டி ஒப்பிடுவதில் எனக்குச் சுவை அதிகம்.

கூட்டம் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. குத்துவிளக்கு ஏற்றுவது உங்களுக்குப் பண்பாடாக இருக்கலாம். மேடையில் இருக்கும் முஸ்லிமோ சீர்திருத்தச் சபை போதகரோ அதை வழிபாடாகக் கருதினால், தீக்குச்சியை நீட்டிய பிறகு அவருக்குத் தப்ப வழியில்லை. முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வெள்ளி நண்பகலும் ஞாயிறு காலையும் வேண்டாம். சைவச் சாப்பாடு போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வெங்காய சாம்பாரையும் உருளைக்கிழங்குப் பொரியலையும் சமணர் தொடமாட்டார்.

மேடையே இல்லாமலும் தொடங்கலாம். ரமலான் மாலையில் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் பலவற்றின் வாசலில் தூக்குவாளியோடு ஒரு வரிசை நிற்கும். அதில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். நீங்களும் நின்று, கஞ்சி ஊற்றுபவரிடம் வெந்தயம் எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றைப் பற்றி அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.